அடிபம்பும் தெருவிளக்கும்: சென்னையில் இரவுப் படம் எடுக்கத் தொடங்குவோருக்கு

அயல்நாட்டு நகரங்களில் நடைபாதை ஓரமாக நிற்கும் தீயணைப்பு நீர்க்குழாய்களை இரவில் தேடிப் போய்ப் படமெடுப்பவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் அத்தகைய சிவப்புக் குழாய்கள் பெரும்பாலும் அடுக்குமாடிக் கட்டடங்களின் சுற்றுச்சுவருக்கு உள்ளேதான் நிற்கின்றன. காவலாளியிடம் அனுமதி பெறாமல் அருகில் செல்ல முடியாது. நம் தெருக்களில் எல்லோருக்கும் பொதுவாக, இரும்பு உடலோடு, இடுப்பளவு உயரத்தில், பகலில் யாரும் திரும்பிப் பார்க்காமல் நிற்பது அடிபம்பு. இரவுப் படக்கலையைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு அதைவிட நல்ல ஆசானை நான் அறியேன். அது அசையாது, எத்தனை மணி நேரம் ஆனாலும் பொறுத்துக்கொள்ளும், பெரும்பாலும் ஒரு தெருவிளக்குக்கு அருகிலேயே இருக்கும்.

பகலில் அடிபம்பைச் சுற்றி நிறுத்திய பைக்குகள், சுவரொட்டிகள், கேபிள் கம்பிகள், காய்கறி வண்டி என்று கண்ணை இழுக்கும் பொருள்கள் பல இருக்கும். இரவு பத்தரை மணிக்குமேல் அவையெல்லாம் இருளில் பின்வாங்கிவிட, மேலிருந்து விழும் ஒற்றை வெளிச்சத்தில் பம்பு மட்டும் முன்னால் வந்து நிற்கிறது. பல ஆண்டுகளாகக் கைகள் பிடித்துப் பிடித்து வழுவழுப்பான கைப்பிடி, வெயிலில் தெரியாத ஒரு பளபளப்பை அப்போது காட்டும். அந்தப் பளபளப்பைப் படத்தில் கொண்டுவருவதற்கான வழிமுறையையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: எந்தப் பம்பு என்று அறிதல்

சென்னைத் தெருக்களில் முக்கியமாக இரண்டு வகைப் பம்புகளைக் காணலாம். ஒன்று, வார்ப்பிரும்பாலான சிறிய பம்பு: உருண்டையான உடல், வளைந்த கைப்பிடி, முன்னால் நீண்ட மூக்கு. கைப்பிடியை அழுத்தும்போது உள்ளே இருக்கும் பிஸ்டன் மேலெழும்பும். குழாயினுள் அழுத்தம் குறையும். வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளும். இவ்வகைப் பம்பு நடைமுறையில் ஏறக்குறைய 7 மீட்டர் ஆழத்துக்குமேல் உறிஞ்சாது. சென்னையில் இது ஆழ்துளைக் கிணற்றோடுதான் இணைந்திருக்க வேண்டும் என்பதில்லை. பல தெருக்களில் குடிநீர்க் குழாயோடு இணைத்திருப்பார்கள். தண்ணீர் திறந்துவிடப்பட்டாலும் தானாக மேலேறி வரும் அளவுக்கு அழுத்தம் இருக்காது என்பதால், அடித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். இந்தச் செய்தி படமெடுப்பவருக்கு ஏன் தேவை என்பது, நேரத்தைப் பற்றிப் பேசும்போது விளங்கும்.

மற்றொன்று, ஆழ்துளைக் கிணற்றின்மேல் நிற்கும் இந்தியா மார்க் 2 பம்பு. பெட்டி போன்ற தலை, நீளமான நேர்க் கைப்பிடி, துத்தநாகம் பூசிய சாம்பல் நிற உடல் ஆகியவற்றைக் கொண்டு இதை அடையாளம் காணலாம். 1970-களில் யுனிசெஃப் அமைப்பின் துணையோடு உருவான இந்தப் பம்பு, அன்றைய மெட்ராஸில் இருந்த ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்டு, பின்னர் பல நாடுகளின் கிராமங்களுக்குச் சென்றது. நம் ஊரில் செய்த ஒரு பொருளை நம் தெருவிலேயே நிற்கவைத்துப் படமெடுக்கிறோம் என்ற நினைவு எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருகிறது.

இந்த இரண்டும் வெளிச்சத்தை வெவ்வேறு விதமாக வாங்கிக்கொள்கின்றன. வார்ப்பிரும்பின் மேற்பரப்பு சொரசொரப்பானது; அதன்மேல் பச்சை, நீலம், மஞ்சள் என்று அடுக்கடுக்காகப் பெயின்ட் ஏறியிருக்கும்; பக்கவாட்டு வெளிச்சம் பட்டால் ஒவ்வோர் அடுக்கும் உரிந்த விளிம்பு நிழலோடு எழுந்து நிற்கும். துத்தநாகம் பூசிய உடலோ வெளிச்சத்தை மங்கலாகப் பரப்பித் திருப்பி அனுப்பும். அதைப் படமெடுக்கும்போது மேற்பரப்பைக் காட்டிலும் வடிவத்துக்கே முதலிடம் கொடுக்க வேண்டும்.

இரண்டாம் படி: பகலில் ஒரு நடை

இரவில் நேராகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது தொடங்குகிறவர்கள் பொதுவாகச் செய்யும் தவறு. முதலில் மாலை நான்கு மணி அளவில் கைபேசியோடு மட்டும் ஒரு பேட்டையைச் சுற்றி வாருங்கள். திருவல்லிக்கேணியின் சந்துகள், மயிலாப்பூரில் மாட வீதிகளுக்குப் பின்னால் இருக்கும் குறுந்தெருக்கள், சிந்தாதிரிப்பேட்டை, புரசைவாக்கம், ராயபுரம், சைதாப்பேட்டை ஆகியவை இதற்கு ஏற்றவை. தெரு குறுகலாக இருந்தால் விளக்கு அருகில் இருக்கும், பின்னணிச் சுவரும் அருகில் இருக்கும். இரண்டும் நமக்கு உதவும். ஜார்ஜ் டவுனில் ஏழுகிணறு என்ற பெயரே, 1772-ல் புனித ஜார்ஜ் கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோன கிணறுகளை நினைவூட்டுவது. தண்ணீரைத் தேடிய நகரத்தின் கதை தொடங்கிய பகுதியில் நின்று அடிபம்பைப் படமெடுப்பதற்குத் தனிப் பொருத்தம் உண்டு.

பம்பைக் கண்டதும் மூன்று செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள். விளக்குக் கம்பம் பம்பின் எந்தப் பக்கத்தில், எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது? பின்னால் என்ன இருக்கிறது: சுவரா, கதவா, நீண்டு செல்லும் தெருவா? பம்பு இன்னும் புழக்கத்தில் இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்குக் கைப்பிடியே விடை சொல்லும். பிடிக்கும் இடத்தில் நான்கு விரற்கடை நீளத்துக்கு மட்டும் துரு இல்லாமல் இரும்பு மின்னினால், அந்தப் பம்பு தினமும் உழைக்கிறது. முழுவதும் ஒரே சீராகத் துரு படிந்திருந்தால் அது ஓய்ந்துவிட்டது.

தரை மட்டத்தையும் கவனியுங்கள். சாலையைப் பெயர்த்தெடுக்காமல் பழைய சாலையின்மேல் புதிய தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்த இடங்களில், பம்பின் சிமென்ட் மேடை பள்ளமாகிவிட்டிருக்கும். மூக்குக்கும் தரைக்கும் இடையே ஒரு குடம் நிற்க இடமில்லாமல், சாய்த்து வைத்த பக்கெட்டில் தண்ணீர் பிடிக்கிற பம்புகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட பம்பைப் பக்கவாட்டில் இருந்து, சாலையின் மட்டம் தெளிவாகத் தெரியும்படி எடுத்தால், அந்தத் தெருவின் வரலாறே படத்துக்குள் வந்துவிடும்.

மூன்றாம் படி: நேரம் குறித்தல்

ஓர் இரவில் இந்த வேலைக்கு மூன்று நல்ல பொழுதுகள் உண்டு. முதலாவது, சூரியன் மறைந்தபின் வரும் 20 நிமிடங்கள். வானம் கருநீலமாக இருக்கும். விளக்குகளும் எரியத் தொடங்கியிருக்கும். இரண்டின் வெளிச்சமும் ஏறக்குறைய சமமாக இருக்கும். சென்னையில் நவம்பர் மாதத்தில் ஐந்தே முக்கால் மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூலைத் தொடக்கத்தில் அது ஆறரை மணியைத் தாண்டும். இந்தப் பொழுது அழகானது, ஆனால் அப்போது தெரு நிறைய ஆட்கள் இருப்பார்கள். பழகாதவர்களுக்குப் பதற்றம் தரும். இரண்டாவது, இரவு பத்தரை முதல் பன்னிரண்டு வரை. தொடங்குகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதையே. தெரு அடங்கியிருக்கும், அதே நேரம் முற்றிலும் வெறிச்சோடியும் இருக்காது.

மூன்றாவது, விடியற்காலை நான்கு முதல் ஐந்தரை வரை. குடிநீர்க் குழாயோடு இணைந்த பம்புகளுக்குத் தண்ணீர் வரும் நேரம் பல தெருக்களில் இதுதான். முதல் நாள் இரவே வரிசை போட்டு வைத்த பிளாஸ்டிக் குடங்கள், பச்சையும் சிவப்பும் ஊதாவுமாக மேடையைச் சுற்றி நிற்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் தன் குடம் எதுவென்று தெரியும். அந்த வரிசையைக் கலைக்காதீர்கள். உங்கள் படத்துக்காக ஒரு குடத்தை நகர்த்தினால், ஒரு குடும்பத்தின் முறையை நகர்த்தியதாக ஆகிவிடும்.

நான்காம் படி: எடுத்துச் செல்ல வேண்டியவை

கேமரா பழையதாக இருந்தாலும் போதும். முக்காலி மட்டும் உறுதியாக இருக்க வேண்டும். முழு ஃபிரேம் கேமரா, அதாவது ஒளியைப் பதிவு செய்யும் சென்சார் பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவுக்கு இருக்கும் கேமரா என்றால், 35 அல்லது 50 மில்லிமீட்டர் லென்ஸ் சரியாக இருக்கும். சிறிய சென்சார் உள்ள கேமராக்களில் 24 அல்லது 35 மில்லிமீட்டர் அதே பார்வையைத் தரும். அதைவிட அகலமான லென்ஸை மிக அருகில் வைத்தால் பம்பின் மூக்கு பெருத்து, உடல் சிறுத்து, உருவம் சிதைந்துவிடும். இவற்றோடு ஒரு சிறிய டார்ச், ஒரு வெள்ளைக் கைக்குட்டை, உள்ளங்கை அளவு கறுப்பு அட்டை, லென்ஸ் துடைக்கும் துணி, கூடுதல் பேட்டரி, அடையாள அட்டை ஆகியவை பையில் இருக்கட்டும். கைபேசியில் எடுப்பவர்களுக்கும் கைபேசி முக்காலி ஒன்று கட்டாயம் தேவை. முக்காலியில் அசையாமல் வைத்தால் நைட் மோடு தானாகவே நீண்ட நேரம் வெளிச்சத்தைச் சேகரிக்கும், கையில் பிடித்தால் அதைக் குறைத்துக்கொள்ளும்.

சென்னைக்கே உரிய ஓர் எச்சரிக்கை இங்கே உண்டு. ஏசி அறையில் இருந்து கேமராவை எடுத்துக்கொண்டு நேராகத் தெருவுக்கு வந்தால், வெளியே இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டு லென்ஸ் முழுவதும் பனித்துவிடும். என் முதல் இரவில் எடுத்த நாற்பது படங்களும் பால் ஊற்றியது போல் மங்கியிருந்ததற்குக் காரணம் அதுதான். தெருவில் அந்தச் சிறிய திரையில் பார்த்தபோது அதை நான் கண்டுகொள்ளவே இல்லை. கிளம்புவதற்கு அரைமணி நேரம் முன்பே கேமராவைப் பையிலிட்டு, பையை மூடியபடியே பால்கனியிலோ வாசலிலோ வைத்துவிடுங்கள். காசிமேடு, நொச்சிக்குப்பம் போன்ற கடலோரப் பகுதிகளுக்குப் போனால், வீடு திரும்பியதும் உப்புப் படலத்தை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

ஐந்தாம் படி: முக்காலியும் கோணமும்

பம்பைச் சுற்றி ஒருமுறை முழுவதும் நடந்து வந்து, விளக்கு உங்களுக்கும் பம்புக்கும் எந்தத் திசையில் இருக்கும்போது உருவம் நன்றாகத் தெரிகிறது என்று வெறுங்கண்ணால் பாருங்கள். விளக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் எல்லாம் தட்டையாகிவிடும். விளக்கு பக்கவாட்டிலோ, சற்றுப் பின்பக்கமாகவோ இருந்தால் கைப்பிடியின் விளிம்பில் ஒரு வெளிச்சக் கோடு ஓடும். நமக்கு வேண்டியது அந்தக் கோடு. விளக்கே படத்துக்குள் வருமானால், அதைப் பம்பின் தலைக்குப் பின்னால் மறைத்துவிடுங்கள். தலையைச் சுற்றி ஒளி கசியும், லென்ஸுக்குள் தேவையற்ற ஒளிப்புள்ளிகள் தோன்றா.

நின்ற உயரத்தில் இருந்து எடுக்கும் படத்தில் பம்பு குனிந்து நிற்பது போலத் தோன்றும். முக்காலியின் கால்களை விரித்து, கேமராவைப் பம்பின் மூக்கு உயரத்துக்குத் தாழ்த்துங்கள், ஏறக்குறைய இரண்டடி. எதிரில் குந்தி அமர்ந்து ஒருவரைப் பார்ப்பது போன்ற பார்வை அப்போது கிடைக்கும். கைப்பிடி எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கத்தில் சற்று வெற்றிடம் விடுங்கள். இல்லாவிட்டால் அது படத்தின் சட்டத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். பஸ் ஒன்று பக்கத்துச் சாலையில் போனாலே அது அதிரும்.

ஆறாம் படி: குவியமும் ஒளியளவும்

இருட்டில் கேமராவின் தானியங்கிக் குவியம் (ஆட்டோ ஃபோகஸ்) தடுமாறும். டார்ச்சைப் பம்பின் மேல் அடித்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்து, கைப்பிடி உடலோடு சேரும் ஆணியின் மேல் குவியத்தை அமைத்தபின், லென்ஸை மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். அதன்பிறகு குவிய வளையத்தைத் தொடாதீர்கள். கைபேசியில் அதே இடத்தைத் திரையில் அழுத்திப் பிடித்தால் குவியம் பூட்டிக்கொள்ளும்.

தொடக்க அளவாக ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப் 8, ஷட்டர் 8 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ என்பது ஒளியை உணரும் திறன்; அப்பர்ச்சர் லென்ஸின் துவாரம், எஃப் எண் கூடக்கூட அது சிறுக்கும்; ஷட்டர் என்பது ஒளி உள்ளே விழும் நேரம். விளக்கு நேர் மேலே இருந்தால் 4 நொடியே போதும். இரண்டு வீடு தள்ளி இருந்தால் 15 நொடிவரை தேவைப்படலாம். ஒவ்வொரு முறையும் 8 நொடி காத்திருந்து சோதித்தால் பொறுமை போய்விடும் என்பதால் ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஐஎஸ்ஓ 6400-ல் 1/8 நொடியில் கிடைக்கும் ஒளியளவும், ஐஎஸ்ஓ 100-ல் 8 நொடியில் கிடைக்கும் ஒளியளவும் ஒன்றே. ஆகவே கோணத்தையும் ஒளியையும் சோதிக்கும்போது ஐஎஸ்ஓவை 6400-க்கு உயர்த்தி விரைவாக எடுத்துப் பாருங்கள்; எல்லாம் சரியென்று தோன்றியபின், ஐஎஸ்ஓவை 100-க்கு இறக்கி, 1/8 என்ற எண்ணைத் தலைகீழாக்கி 8 நொடி வைத்து உண்மையான படத்தை எடுங்கள்.

ஷட்டரை விரலால் அழுத்தாமல் 2 நொடி டைமரில் விடுங்கள். லென்ஸில் அதிர்வுக் கட்டுப்பாடு இருந்தால், முக்காலியில் வைக்கும்போது அதை அணைத்துவிடுவது நல்லது. கேமரா தானாகத் திருத்தாத மூலக் கோப்பான ரா ஃபைலாகவே பதிவு செய்யுங்கள். கேமராத் திரை இருட்டில் எப்போதும் படத்தை உண்மையைவிட வெளிச்சமாகக் காட்டும்; ஆகவே படத்தில் இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்த்து முடிவெடுங்கள். வரைபடம் இருளைக் குறிக்கும் இடப்பக்கச் சுவரில் முழுவதும் ஒட்டிக்கொண்டிருந்தால் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள்.

8 நொடிக்குள் ஒரு பைக் வந்துவிடும். இது சென்னையில் தவிர்க்க முடியாதது. முகப்பு விளக்கு படத்தில் நுழைவதற்கு முன் கறுப்பு அட்டையை லென்ஸைத் தொடாமல் அதன் முன்னால் பிடித்து மறையுங்கள். வண்டி கடந்ததும் அட்டையை விலக்கிவிடுங்கள். மறைத்திருந்த நேரத்தையும் சேர்த்து ஷட்டரை முன்கூட்டியே 15 நொடிக்கு வைத்திருங்கள். சில நேரம் அந்த விளக்குக் கோடே படத்துக்கு அழகு சேர்க்கும் என்பதால், ஒரு படம் மறைத்தும் ஒரு படம் மறைக்காமலும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

முக்காலி இல்லாமல் கையில் பிடித்து எடுக்க நேர்ந்தால், எஃப் 1.8 லென்ஸும் ஐஎஸ்ஓ 3200-ம் உதவும். ஆனால் விலை குறைந்த எல்இடி விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. அதிவேக ஷட்டரில் படத்தின் குறுக்கே இருண்ட பட்டைகள் விழலாம். 1/100 அல்லது 1/50 நொடி வைத்தால் அது பெரும்பாலும் நீங்கிவிடும்.

ஏழாம் படி: நிறம்

பழைய சோடியம் விளக்குகள் ஆரஞ்சு நிறத்தில் எரியும். அந்த வெளிச்சத்தில் நீலம் மிகக் குறைவு என்பதால், நீலப் பெயின்ட் அடித்த பம்பு அதன்கீழ் ஏறக்குறையக் கறுப்பாகத் தெரியும். கணினியில் எவ்வளவு திருத்தினாலும் அந்த நீலம் திரும்பாது. அத்தகைய படங்களைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவிடுவதே என் வழக்கம். புதிய எல்இடி விளக்குகளின்கீழ், வெள்ளையை வெள்ளையாகக் காட்ட உதவும் அமைப்பான ஒயிட் பேலன்ஸை 4000 கெல்வினில் தொடங்கி, சிமென்ட் மேடை சாம்பல் நிறமாகத் தெரியும்வரை மாற்றிக்கொள்ளுங்கள். தெருவுக்கு எல்இடியும் பெட்டிக்கடைக்கு டியூப்லைட்டும் கோயில் வாசலுக்கு மஞ்சள் பல்புமாக மூன்று நிறங்கள் கலந்திருந்தால், பம்பின்மேல் விழும் வெளிச்சத்துக்கு மட்டும் சரிசெய்துவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். அந்தக் கலவைதான் நம் தெருவின் இரவு நிறம்.

எட்டாம் படி: டார்ச்சால் தடவுதல்

முழுக் கட்டுரையிலும் நான் மிகவும் விரும்பும் பகுதி இதுவே. தெருவிளக்கு உருவத்தைக் காட்டும். ஆனால் வார்ப்பிரும்பின் தோலைக் காட்டாது. அதற்கு டார்ச் வேண்டும்.

திருவல்லிக்கேணியில் ஒரு சந்து முனையில் இருந்த பச்சைப் பம்பை எடுத்தபோது இதைக் கற்றேன். அதன் கைப்பிடியின் நுனி எப்போதோ உடைந்திருந்தது. யாரோ அதன்மேல் பழைய சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றி, முனையைச் செம்புக் கம்பியால் கட்டியிருந்தார்கள். உடலில் வார்ப்பு எழுத்துகள் இருந்தன; ஆனால் மேலே பூசிய பெயின்ட் அவற்றை நிரப்பிவிட்டதால் பகலில் வெறும் மேடுகளாகத் தெரிந்தன. முன்னால் இருந்து டார்ச் அடித்தேன், ஒன்றும் தெரியவில்லை. டார்ச்சை உடலோடு ஒட்டிச் சாய்வாக, தரையில் இருந்து மேல்நோக்கிப் பிடித்தபோது ஒவ்வோர் எழுத்தின் கீழ்விளிம்பும் ஒளிர்ந்து, மேல்விளிம்பில் நிழல் விழுந்து, மூன்று எழுத்துகள் தெளிவாக எழுந்து வந்தன. டியூபில் விரல்கள் பதிந்து தேய்ந்த நான்கு பள்ளங்களும் அப்போதுதான் தெரிந்தன.

செய்யும் முறை இது. ஷட்டரை 15 நொடிக்கு வைத்து, அப்பர்ச்சரை எஃப் 11-க்குக் குறையுங்கள். டார்ச்சின் முகப்பில் கைக்குட்டையை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள், ஒளி மென்மையாகும். ஷட்டர் திறந்ததும், படத்தின் சட்டத்துக்கு வெளியே நின்றபடி, டார்ச்சை உடலுக்கு மிகச் சாய்வான கோணத்தில் பிடித்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல மெதுவாக, நிறுத்தாமல் மூன்று நொடி தடவுங்கள். ஓரிடத்தில் நிறுத்தினால் அங்கே வெள்ளைத் திட்டு விழும். டார்ச்சின் முகப்பு கேமராவை நோக்கித் திரும்பவே கூடாது. முதல் ஐந்து முயற்சிகள் அதிகமாகவோ குறைவாகவோ இருக்கும். ஆறாவதில் கை பழகிவிடும். தெருவிளக்கின் வெளிச்சத்தை டார்ச் வெளிச்சம் மிஞ்சாமல் இருந்தால் படம் இயல்பாகத் தோன்றும். மிஞ்சிவிட்டால் பம்பு கடையில் வைத்த பொருள் போல ஆகிவிடும்.

ஒன்பதாம் படி: தண்ணீர்

நீண்ட ஷட்டரில் விழும் சொட்டு படத்தில் பதிவாகாது. தாரையாக விழுந்தால் வெண்பட்டு போலத் தெரியும். மூக்கின் நுனியில் தொங்கும் ஒற்றைச் சொட்டு வேண்டுமென்றால், கேமராவில் இருந்து தனியே எடுத்த ஃபிளாஷை 1/16 வலிமையில் பம்பின் பக்கவாட்டில் வைத்து, ஷட்டரை 2 நொடிக்கு வையுங்கள். தெருவிளக்கு பின்னணியைப் பதிவுசெய்யும், ஃபிளாஷ் சொட்டை உறையவைக்கும். யாராவது தண்ணீர் அடித்து முடித்தபின் ஓரிரு நிமிடம் மூக்கில் இருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்துக்காகக் காத்திருங்கள்.

படத்துக்காக நீங்களாகவே தண்ணீரை அடித்துக் கொட்டாதீர்கள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து வில்லிவாக்கத்துக்கு ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்ததை இந்த நகரம் பார்த்திருக்கிறது. அந்த நாள்களில் இந்தப் பம்புகளின் முன்னால் இரவெல்லாம் நின்றவர்கள் அதே தெருவில்தான் இன்னும் வசிக்கிறார்கள். அவர்கள் கண்முன்னே ஒரு குடம் தண்ணீரைக் கீழே விடுவது சரியல்ல. அடித்தே ஆகவேண்டும் என்றால், கேட்டு அனுமதி பெற்று, ஒரு பக்கெட்டில் பிடித்து, அந்தத் தண்ணீரை அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள்.

பத்தாம் படி: தெருவில் நடந்துகொள்ளும் முறை

ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரு பம்பின் எதிரில் நின்றால் ஒருவர் வந்து கேட்கத்தான் செய்வார். "என்னா தம்பி, பம்பு ரிப்பேரா? ஆபீஸ்லேர்ந்து வர்றியா?" என்பதே நான் அதிகம் கேட்ட கேள்வி. "இல்லக்கா, போட்டோ எடுக்கக் கத்துக்கறேன். பம்பை மட்டுந்தான் எடுக்கறேன், பாருங்க" என்று சொல்லித் திரையை அவர்களிடம் திருப்பிக் காட்டிவிடுவேன். தன் தெருப் பம்பு திரையில் இப்படித் தெரிவதைப் பார்த்ததும் பெரும்பாலோர் சிரித்துவிடுவார்கள்; சிலர் அந்தப் பம்பு எப்போது வந்தது, யார் எழுதிப் போட்டு வாங்கினார்கள் என்று சொல்லத் தொடங்குவார்கள். அதை அன்றே எழுதி வையுங்கள்.

தண்ணீர் பிடிக்க வருபவர்கள் பெரும்பாலும் பெண்கள். தூக்கக் கலக்கத்தோடு, நைட்டியின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள். அவர்கள் வரும்போது கேமராவைக் கீழே இறக்கிவிடுங்கள். கேட்டு, அவர்கள் மனமுவந்து சரியென்று சொன்னால் மட்டும் படத்தில் சேருங்கள். வீட்டு ஜன்னலோ திறந்த கதவோ பின்னணியில் வருமானால் கோணத்தை மாற்றுங்கள்.

ரோந்துக் காவலர்கள் விசாரித்தால் அடையாள அட்டையைக் காட்டி, எடுத்த படங்களையும் காட்டிப் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். போகச் சொன்னால் போய்விடுங்கள். துறைமுகம், கோட்டை, உயர் நீதிமன்றம், ராணுவ வளாகங்கள் ஆகியவற்றின் அருகே முக்காலியை விரிக்க வேண்டாம். முதல் சில மாதங்களுக்குத் தனியாகப் போகாமல் நண்பர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் திரையையே பார்த்துக்கொண்டிருக்கும்போது தெருவைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். தெருநாய்கள் குரைத்தால் ஓடாமல், முக்காலியை ஓங்காமல், அவற்றைப் பார்க்காதது போல அப்படியே நில்லுங்கள். அவற்றின் எல்லைக்குள் நீங்கள்தான் வந்திருக்கிறீர்கள்.

மழை இரவுகளைப் பற்றி ஒன்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த இரவுகளில் ஈரத் தார்ச்சாலை விளக்குகளைப் பிரதிபலிக்கும். அடிபம்பின் மிகச் சிறந்த படங்கள் அப்போதுதான் அமையும். ஆனால் தேங்கிய தண்ணீரில் கால் வைக்காதீர்கள். தெருவோர மின்சாரப் பெட்டிகள், விளக்குக் கம்பங்கள் ஆகியவற்றில் இருந்து மழை நாளில் மின்கசிவு ஏற்பட்டு உயிர்கள் போயிருக்கின்றன. அலுமினிய முக்காலியும் மின்சாரத்தைக் கடத்தும். தண்ணீர் தேங்கிய இடத்தில் கம்பமோ மின்பெட்டியோ இருந்தால், எவ்வளவு நல்ல காட்சியாக இருந்தாலும் அன்று அதை விட்டுவிட்டு அடுத்த தெருவுக்குச் செல்லுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்

கணினியில் திருத்தும்போது இருளைப் போக்கிவிடாதீர்கள். நிழல்களை மிகவும் உயர்த்தினால் இரவு மாலையாகிவிடும். கைப்பிடியின் பளபளப்பு மட்டும் படத்தின் மிக வெளிச்சமான இடமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டு, விளக்கின் சிதறலைச் சற்றுக் குறைத்தால் பெரும்பாலும் போதும். ஒவ்வொரு கோப்புக்கும் தெருவின் பெயர், தேதி, விளக்கின் வகை, பம்பு புழக்கத்தில் உள்ளதா இல்லையா என்பவற்றைச் சேர்த்து எழுதுங்கள். ஆண்டுக்கொருமுறை அதே பம்பை அதே கோணத்தில் எடுக்க இந்தக் குறிப்பு உதவும். நான் மூன்று ஆண்டுகளுக்கு முன் எடுத்த பம்புகளில் சில இப்போது இல்லை, ஒன்றின் மேடையில் ஒரு செடித்தொட்டி இருக்கிறது.

எட்டுக்குப் பன்னிரண்டு அங்குல அளவில், பளபளப்பில்லாத தாளில் அச்சிடுங்கள். இருண்ட படங்களின்மேல் அறை விளக்கு பிரதிபலித்துக் கண்ணைக் கூசவைப்பது அத்தாளில் குறையும். திரையில் பார்ப்பதைவிட அச்சில் இருட்டு கூடும் என்பதால், அச்சுக்கு அனுப்பும் முன் படத்தின் வெளிச்சத்தைச் சிறிது உயர்த்துங்கள். இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை அந்தப் பம்பின் அருகே உங்களிடம் பேசியவருக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். போகும்போது விடியற்காலை நேரமாகப் போங்கள், அப்போதுதான் அவர் பம்படியில் இருப்பார்.